கறுப்பு உருண்டையில் சுண்ணாம்புப் பொட்டு

நான் எழுதக்கூடிய ஆள் இல்லை. பதினோராம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட கடைசி இலையாகப் பார்த்து உட்காருவேன். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்ததை இருபது வருஷமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். போன தை மாதம் அவர் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இனி சொல்வதற்கு ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் முற்பாதி அது. எங்கள் வீடு திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் இருந்தது. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் கும்மிடிப்பூண்டியில் இருந்த மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்போது அங்கே தொழிற்பேட்டைக்காகப் புதர்களை வெட்டி நிலத்தைச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் சிவப்பு மண், கம்பி, செங்கல். அங்கே கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில் மாமா சொல்லி எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, சிமெண்டு எத்தனை மூட்டை இறங்கியது, இவைதான் என் வேலை. தகரக் கொட்டகையில் ஒரு மேசை. எல்லோரும் என்னைக் கணக்கம்மா என்று கூப்பிட்டார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயதுதான்.

முந்தின கோடையில் வேலை செய்தவர்களில் இரண்டு பேர் வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அதனால் அந்த வருஷம் மாசி மாதமே மதராஸிலிருந்து கம்பெனி இன்ஜினீயர் ஒருவர் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பெட்டியில் மூன்று பாரன்ஹீட் வெப்பமானிகள் இருந்தன. முதலாவதை நிழலில் சும்மா தொங்கவிட்டார். இரண்டாவதன் நுனியில் மெல்லிய மல் துணியைச் சுற்றி, துணியின் மறுமுனையை ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு வெளியே வைத்தார். மூன்றாவதுதான் விசித்திரம். தண்ணீர்த் தொட்டியில் மிதக்குமே செம்புப் பந்து, அதில் ஒன்றை எடுத்து, ஓட்டை போட்டு, வெப்பமானியை உள்ளே செருகி, வெளியே முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் அடித்திருந்தார். அதை வெட்டவெளியில் நெஞ்சு உயரக் கம்பத்தில் கட்டினார்.

"மனுஷனுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு அளக்க கருவி எதுவும் கிடையாதுங்க. அதனால இந்த மூணையும் சேர்த்து ஒரு மனுஷன்னு நெனச்சுக்கறோம். ஈரத்துணி அவன் வேர்க்கற தோல். உருண்டை வெயில்ல குனியற முதுகு. நிழல்ல தொங்கறது அவன் மூச்சு வாங்கற காத்து. எல்லாம் உத்தேசம்தான். ஆனா ஒண்ணும் இல்லாததுக்கு இது தேவலை" என்றார்.

கணக்கையும் சொல்லிக்கொடுத்தார். ஈரத்துணி காட்டுவதை ஏழால் பெருக்க வேண்டும். உருண்டை காட்டுவதை இரண்டால். காற்று காட்டுவதை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றையும் கூட்டிப் பத்தால் வகுக்க வேண்டும். காலை பதினொன்றரைக்கு அந்த எண் எண்பத்தெட்டைத் தாண்டினால் நான் சிவப்புக் கொடியை ஏற்ற வேண்டும். கொடி ஏறினால் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை யாரும் வெயிலில் வேலை செய்யக் கூடாது, கூலியும் பிடிக்கக் கூடாது. இதற்கு மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினார். போகும்போது என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். துணி காயக் கூடாது, உருண்டையின் கறுப்பு மங்கக் கூடாது.

மேஸ்திரி ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், பாதிப் பேச்சு தெலுங்கு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேலையைக் குறித்த நாளில் முடிக்காவிட்டால் அவர் தலைதான் உருளும். தினமும் பதினொன்றரைக்கு என் மேசைப் பக்கம் வந்து நிற்பார்.

"இன்னா கணக்கம்மா, சாமி இன்னா உத்தரவு குடுத்துச்சு?"

"எண்பத்தாறு சொச்சம் மேஸ்திரி."

"நல்ல சாமி நைனா, நல்ல சாமி" என்று யாரைப் பார்த்தோ சொல்லிக்கொண்டே போவார். கொடி ஏறின நாட்களில் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். அந்த உதறலுக்கே நான் பயப்படுவேன்.

அங்கே சித்தாளாக மண் சுமந்த ஓர் அக்கா எனக்குத் துணையாக இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மத்தியானம் என் கொட்டகையில்தான் சாப்பிடுவார். நான் பேசாமல் இருந்தாலும் குறையாக நினைக்காத ஆள். அவர் வீட்டுக்காரர் அதே இடத்தில் கூரைக்கு இரும்புச் சட்டம் பொருத்துகிற வேலை பார்த்தார். முப்பதடி உயரத்தில் கம்பிமேல் பூனை மாதிரி நடப்பார். அவர் வாய் சும்மா இருக்காது. மேலே ஏறப்போகும்போது என் கொட்டகைக்குள் எட்டிப்பார்த்து, "பாப்பா, எனக்கு வேர்க்குது. உன் உருண்டைக்கு வேர்க்குதா கேட்டு சொல்லு" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். "அதுகிட்டயாவது பேசறியா, இல்ல அதுகிட்டயும் வெக்கமா?" என்பார். அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்து, "போய்க்கினே இரு, அதாண்ட வம்புக்கு போவாத" என்பார்.

கட்டடம் எழும்பும் இடத்தில் திருஷ்டிக்காக ஏதாவது தொங்கவிடுவது நம் பக்கத்து வழக்கம். பூசணிக்காய், வைக்கோல் பொம்மை, இல்லாவிட்டால் சுண்ணாம்புப் புள்ளி வைத்த கறுப்புச் சட்டி. அதனால் கம்பத்தில் கறுப்பாக ஓர் உருண்டை தொங்கியதைப் பார்த்து யாரும் அதிசயப்படவில்லை. இன்ஜினீயரே வந்து கட்டியிருக்கிறார், பெரிய திருஷ்டிக்குத்தான் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். புள்ளி மட்டும் வைக்காமல் விட்டுவிட்டாரே என்பதுதான் அவர்களுக்குக் குறை.

முதல் பொட்டை வைத்தது அக்காதான். பங்குனி மாதம் ஒருநாள் சாரத்திலிருந்து ஒரு மூங்கில் நழுவி அவர் வீட்டுக்காரர் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அன்று சாயங்காலம் அக்கா வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை ஒரு விரலில் வழித்துக்கொண்டு போய் உருண்டையின் உச்சியில் ஒரு பொட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டேன். கறுப்பு மங்கக் கூடாது என்பது மனதில் இருந்தது. அன்றைக்கென்று பார்த்து அக்கா வீட்டுக்காரர் உள்ளங்கையில் ஓர் ஆணி ஏறிவிட்டது. மத்தியானம் அக்கா சாப்பிட வந்தார். கோபமாக வந்திருந்தால்கூடத் தேவலை.

"பொட்ட நீதான் தொடச்சியா பாப்பா?"

"ஆமாக்கா. அது கறுப்பா இருக்கணுமாம். அப்பத்தான் கணக்கு சரியா வருமாம்."

"நீ படிச்ச பொண்ணு. உனக்கு இதுல நம்பிக்கை இல்லாம இருக்கலாம். நான் கீழ மண்ணு தூக்கிக்கினு மேல பாத்துக்கினே இருக்கறவ. அவரு அந்தக் கம்பி மேல நடக்கச்சொல்லோ எனக்கு ஈரக்கொல நடுங்குது. ஒரு பொட்டுதான, இருந்துட்டு போவட்டும்."

சரி என்றேன். ஒரு விரல் நுனி அளவு சுண்ணாம்பு அந்தப் பெரிய உருண்டையை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா மறுபடியும் வைத்தார். நான் துடைக்கவில்லை.

அது ஒரு பொட்டோடு நிற்கவில்லை. ஒருத்தர் காலில் செங்கல் விழுந்தது, ஒரு பொட்டு. கலவை இயந்திரம் நின்றுபோனது, ஒரு பொட்டு. ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் தங்கியது, அதற்கும் பொட்டு. அமாவாசைக்கு மேஸ்திரியே மூன்று விரலால் பட்டையாக இழுத்துவிட்டார். எட்டிய கைக்கு மேல்பக்கம்தான் வாகு என்பதால் எல்லாம் உச்சியிலேயே விழுந்தன. சித்திரை முடிவதற்குள் பொட்டோடு பொட்டு சேர்ந்து, வெயில் படுகிற மேல்பாதி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தவள் நான். முன்பு சாதாரணமாக நூற்றுப் பதினைந்தைத் தொட்ட உருண்டை இப்போது நூற்றைந்து, நூற்றாறிலேயே நிற்பதைக் கவனிக்காமல் இல்லை. இன்ஜினீயருக்கு ஒரு கடிதம் போடலாம் என்று இரண்டு முறை தாளை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். துடைத்துவிடலாம் என்று துணியை நனைத்த நாளும் உண்டு. முற்றத்தில் இருபது பேர் பார்ப்பார்களே என்று திரும்பிவிட்டேன்.

வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. வழக்கமாகப் பதினோரு மணிக்கெல்லாம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல்காற்று கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அன்று வரவில்லை. இலை அசையவில்லை. கொட்டகையில் மண்பானை வைத்திருந்தோம். அக்கா ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு, "இன்னா பாப்பா, பானைத் தண்ணி சில்லுனே ஆவல. பேஜாரு புடிச்ச நாளு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நானும் பானையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தேன். ஈரத்துணி எண்பத்தொன்று. உருண்டை நூற்றேழு. காற்று தொண்ணூற்றெட்டு. ஐந்நூற்று அறுபத்தேழு, இருநூற்றுப் பதினான்கு, தொண்ணூற்றெட்டு. கூட்டினால் எண்ணூற்று எழுபத்தொன்பது. பத்தால் வகுத்தால் எண்பத்தேழு புள்ளி ஒன்பது.

மறுபடியும் பெருக்கினேன். அதேதான் வந்தது. பானையைத் தொட்ட என் கை வேறு சொன்னது. என் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. உருண்டையின் உச்சி எதிரே வெள்ளையாகத் தெரிந்தது. கொடியை ஏற்றிவிடலாமா என்று கயிற்றைத் தொட்டேன். அன்று கூரையின் கடைசிச் சட்டங்கள் ஏற வேண்டிய நாள். மேஸ்திரி பின்னால் வந்து நின்றார்.

"இன்னா சொல்லுது?"

"எண்பத்தேழு புள்ளி ஒன்பது."

"தாண்டலியே?"

"தாண்டல மேஸ்திரி."

"அப்புறம் கயித்துல இன்னா வேல உனக்கு?" என்று சிரித்தார். நான் கையை எடுத்துவிட்டேன். அந்தச் சுண்ணாம்பு இருக்கிறதே, அதனால் குறைத்துக் காட்டுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரே இழுத்த பட்டையும் அதில் இருந்தது. பதிவேட்டில் எண்ணை எழுதி, 'வேலை தொடரலாம்' என்று எழுதினேன்.

மணி ஒன்று இருக்கும். மேலே சுத்தியல் சத்தம் நின்றது. யாரோ அக்கா வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கீழே விழவில்லை. அதை இன்றைக்கும் பலர் தவறாகச் சொல்கிறார்கள். வேலையில் கெட்டிக்காரர், விழமாட்டார். கால் தள்ளாடியதும் தானாகவே ஏணியைப் பிடித்து இறங்கி, நாலடி நடந்து, மணல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் தோல் காய்ந்து கிடந்தது. வேர்வை நின்றுபோயிருந்தது. பேச்சு குழறியது. அக்காவைப் பார்த்து, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார். மத்தியானம் ஒரு மணிக்குக் காலைப் பலகாரத்தைப் பற்றி. அக்கா தலையில் இருந்த மண் பாண்டுச் சட்டியோடு அப்படியே நின்றார்.

தண்ணீரை ஊற்றினோம். மணல் லாரியில் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்காவும் மேஸ்திரியும் கூடவே போனார்கள். மற்றவர்கள் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகு யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு ஒரு கோணியை நனைத்து எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனேன். இருபது பேர் பார்த்தார்கள். துடைப்பதற்கு முன் உருண்டை நூற்றாறு காட்டியது. சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்ததால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. வெளுத்த இடங்களில் டீ போடும் அடுப்புக்கரியை அரைத்துத் தடவினேன். பிறகு பக்கத்திலேயே நின்றேன். அரைமணி நேரத்தில் அது நூற்றுப் பதினைந்துக்கு ஏறியது. ஒன்பது டிகிரி வித்தியாசம். அதில் இரண்டு பங்கு, பத்தால் வகுத்தால் ஒன்று புள்ளி எட்டு. எண்பத்தேழு புள்ளி ஒன்பதோடு அதைச் சேர்த்தால் எண்பத்தொன்பது புள்ளி ஏழு. இதுவும் உத்தேசக் கணக்குதான். பதினொன்றரை வெயில் வேறு, இரண்டரை வெயில் வேறு. ஆனாலும் கொடி ஏறியிருக்க வேண்டிய நாள் அது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாரி திரும்பி வந்தது. மேஸ்திரி இறங்கி, தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உயிர் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து இன்ஜினீயர் வந்தார். பதிவேட்டைப் பார்த்து, கணக்கைத் தானும் ஒருமுறை போட்டு, "சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். சுண்ணாம்பைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் கம்பத்தடிக்குப் போய் உருண்டையைத் தொட்டுப் பார்த்தார். "போன மாசம் நான் வந்தப்ப நாலஞ்சு பொட்டு இருந்துச்சு. பார்த்துட்டு சிரிச்சேன். ஊர்ல போய்ச் சொல்லிச் சிரிச்சேன்" என்றார். கொடிக்கான எண்ணில் எண்பத்தெட்டு என்பதை அடித்துவிட்டு எண்பத்தாறு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். கம்பத்தைச் சுற்றி முள்வேலி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் அக்கா வந்தார். அவருடைய சோற்று அடுக்கும் ஒரு துண்டும் கொட்டகையில் இருந்தன. அவற்றை எடுத்துப்போக வந்திருந்தார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. வெளியே வந்தவர் வேலிக்கு அப்பால் உருண்டையைப் பார்த்தார். அது முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"பொட்ட யாரு அழிச்சது?"

"நான்தான்க்கா."

"எப்போ?"

இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். அவர் வீட்டுக்காரர் சாய்ந்த பிறகு என்று சொன்னால், எதற்கு என்று அடுத்துக் கேட்பார். எதற்கு என்று சொன்னால், அந்தப் பொட்டுதான் கொடியை ஏறவிடாமல் தடுத்தது என்பது வரை போய் நிற்கும். புருஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தன் விரலால் வைத்த பொட்டு. அவர் முதுகுக்குப் பதிலாக வெயிலில் நின்ற உருண்டையில் வைத்தது.

"அன்னிக்குக் காலையில" என்றேன்.

அக்கா கத்தவில்லை. என்னையே பார்த்தார். "உன்கிட்ட சொல்லித்தான வெச்சேன்" என்றார். அவ்வளவுதான். அடுக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தார்.

அவருக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்க அப்படி இல்லை. உருண்டை குறைத்துக் காட்டுவது தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பதைச் சொல்லாமல் தப்பிக்கவும் அந்தப் பொய் உதவியது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு செய்த குற்றத்தை மறைத்தேன். பிறகு அவரை இரண்டு முறை பார்த்தேன். ஒருமுறை பேருந்து நிலையத்தில், ஒருமுறை ஒரு சாவு வீட்டில். இரண்டு முறையும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போய்ப் பேசியிருக்கலாம். நான் எப்போதும்போல ஓரமாக நின்றுவிட்டேன்.

அக்கா வந்துபோன மறுநாள் பதினொன்றரைக்கு ஈரத்துணி எண்பது, உருண்டை நூற்றுப் பதினாறு, காற்று தொண்ணூற்றேழு. கணக்கு எண்பத்தெட்டு புள்ளி ஒன்பது. கொடியை ஏற்றினேன். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் நிழலுக்குப் போனார்கள்.